ஜீப்பில் வந்த கிரா

பாய்,

நேற்று திருக்கோவிலூரில் ஒரு கல்யாணம். பந்தியில் இலை ஓரமாகப் பீட்ரூட் பச்சடி வைத்துக்கொண்டு போனார்கள். தயிரில் பீட்ரூட்டைத் துருவிப் போட்டது. அந்த ரோஸ் நிறத்தைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. பக்கத்து இலைக்காரர், "இன்னாங்க, புடிக்காதா? இப்பிடித் தள்ளுங்க" என்றார். நான் தள்ளவில்லை. வழித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினேன். அதில் சதகுப்பைத் தழை இல்லை, வெள்ளரிக்காய் இல்லை, பக்கத்தில் ஆவி பறக்கும் உருளைக்கிழங்கு இல்லை. ஆனாலும் உன் நினைவு வந்துவிட்டது. வடக்கனந்தலுக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் இதைச் சொல்ல ஓர் ஆள் இல்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நீ போன பிறகு ஒரு ரம்ஜான் வந்து போய்விட்டது. நாம் லாரி ஓட்டப் போன நாடு லிதுவேனியா என்று சொன்னால் எங்கள் ஊரில் இன்றைக்கும், "அது துபாய்க்குப் பக்கத்துலயா?" என்றுதான் கேட்கிறார்கள். முன்பு மெனக்கெட்டு விளக்குவேன். இப்போது ஆமாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். நீ இருந்திருந்தால் போலந்துக்கு மேலே, ரஷ்யாவுக்கு இந்தப் பக்கம் என்று சுவரில் விரலால் வரைந்து காட்டியிருப்பாய். அந்தப் பொறுமை எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது.

மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். நீ கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் மளிகையும் நாட்டு மருந்தும் விற்கிற குடும்பத்துப் பிள்ளை. கல்லாவில் உட்காரப் பிடிக்காமல் லாரி ஓட்ட வந்தவன். ஒரே ஏஜெண்டு மூலமாகப் போய் ஒரே விமானத்தில் இறங்கியதால், நம் இருவரையும் ஒரே வண்டியில் போட்டார்கள். ஒருவர் ஓட்ட, ஒருவர் பின்னால் படுக்கை. நீ தொழுகிற நேரத்துக்கு நான் ஓட்டுவேன். நான் பழைய பாட்டுப் போடுகிற நேரத்தில் நீ காதில் பஞ்சை வைத்துக்கொண்டு தூங்குவாய். சண்டை வந்ததெல்லாம் சாப்பாட்டில்தான்.

கம்பெனி யார்டில் டிரைவர்களுக்கு என்று ஒரு சமையலறை இருந்தது. லிதுவேனியாக்காரர், பெலாரஸ்காரர், உக்ரைன்காரர், போலந்துக்காரர், நாம் என்று எல்லாருக்கும் ஒரே அடுப்பு. நீ அந்த ஊர் மொழியில் முதலில் கற்ற சொல் 'கியாவ்லியெனா'. பன்றிக்கறி என்று அர்த்தம். வணக்கம் சொல்லத் தெரிவதற்கு முன்பே அது உனக்குத் தெரியும். எந்தத் தட்டைப் பார்த்தாலும் விரலை நீட்டி, "கியாவ்லியெனா?" என்பாய். பெரும்பாலும் ஆமாம் என்று தலையாட்டுவார்கள். உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிந்து, உள்ளே கறி வைத்து, உள்ளங்கை நீளத்துக்குப் பிடித்து வேகவைக்கும் செப்பெலினாயிலும் அதுதான் இருந்தது. மேலே ஊற்றுகிற குழம்பிலும் அதன் கொழுப்புதான். யார்டு மெக்கானிக் யோனாஸ் உனக்காகத் தனிப் பாத்திரத்தில், கறிக்குப் பதில் பாலாடைக் கட்டியை வைத்துச் செய்து கொடுத்தார். நீ அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நம்ம வூட்டுக் கொழுக்கட்ட ஜிம்முக்குப் போய்ட்டு வந்தாப்ல இருக்குடா" என்றாய். சிரித்துக்கொண்டே இரண்டைக் காலி செய்தாய்.

அந்த ரோஸ் சூப் வந்தது கோடையில். அதன் முழுப் பெயர் கடைசி வரை உன் வாயில் நுழையவில்லை. நீ வைத்த பெயர் ரோஸ் மோர். புளித்த பாலில் பீட்ரூட், வெள்ளரிக்காய், வெங்காயத்தாள், அவித்த முட்டை எல்லாம் போட்டு ஜில்லென்று தருவார்கள். கூடவே சுடச்சுட உருளைக்கிழங்கு. ஒரு வாய் குளிர்ச்சி, ஒரு வாய் சூடு. மேலே தூவிய பச்சைத் தழையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தாய். "இது சதகுப்படா. எங்க கட வாசன. நாங்க வெதய விக்கறோம், இவனுங்க தழய துன்றானுங்க" என்றாய். அன்றைக்குத்தான் நீ அந்த ஊரில் வயிறு நிறையச் சாப்பிட்டதை முதல்முறையாகப் பார்த்தேன்.

பீட்ரூட் சூப்பை வைத்து அந்தச் சமையலறையில் நடந்த சண்டை ஞாபகம் இருக்கிறதா? போர்ஷ் எங்களுடையது என்றார் உக்ரைன்காரர். எங்கள் அம்மா வைப்பதுதான் அசல் என்றார் பெலாரஸ்காரர். போலந்துக்காரர் தன் சட்டியைத் திறந்து காட்டினார். அதிலும் அதே சிவப்பு. உருளைக்கிழங்கு அடை, கறி வைத்து மடித்த சின்ன மாவு உருண்டை, முட்டைக்கோஸ் இலையில் சுருட்டி வேகவைத்த கறி, எதை எடுத்தாலும் நான்கு பேரும் எங்களுடையது என்றார்கள். யோனாஸ்தான் கடைசியில் தன் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார். லிதுவேனிய மொழி இவர்களுடைய ஸ்லாவிய மொழிகளோடு சேராதது, தனி வழியில் வந்தது. ஆனால் பல தலைமுறை ஒரே ராஜ்யத்தில், ஒரே பனியில், அதே ரொட்டித் தானியத்தை விதைத்து அக்கம்பக்கமாகவே இருந்தார்கள். அதனால் சூப்பின் பெயரும் அடையின் பெயரும் பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்தே வந்துவிட்டன. "பேச்சு வேற, அடுப்பு ஒண்ணு" என்று நீ எனக்கு அதைச் சுருக்கிச் சொன்னாய்.

அதோடு நீ விடவில்லை. "எங்க வூடும் அதான்டா. பேசறது உருது, ஆக்கறது புளிக்கொழம்பு. எங்கம்மா கிட்ட போய்ப் புளிக்கொழம்பு உங்குளுது இல்லன்னு சொல்லிப் பாரு, கரண்டியாலயே போடுவாங்க" என்றாய். இதை அவர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்க நாம் பட்ட பாடு இருக்கிறதே, புளி என்றால் என்ன என்பதிலேயே பாதி நேரம் போய்விட்டது. ஆனால் அதன் பிறகு உனக்கு என்று தனியாக ஒரு பாத்திரம் சமையலறை அலமாரியில் நின்றது. அதில் பன்றிக்கறி ஏறாமல் உக்ரைன்காரரே பார்த்துக்கொண்டார்.

கிரா மட்டும் எங்கள் சொந்தச் சொல் என்று யோனாஸ் பெருமைப்படுவார். மற்றவர்கள் அதை க்வாஸ் என்பார்கள். ரை என்ற தானியத்தில் செய்த கறுப்பு ரொட்டியை நன்றாகக் கருக்கி, வெந்நீரில் ஊறப்போட்டு, வடித்து, சர்க்கரையும் கொஞ்சம் ஈஸ்டும் போட்டு மூடிவைப்பது. மேலே நுரை கட்டும். குடித்தால் புளிப்பும் இனிப்பும் லேசான கசப்புமாக நாக்கில் சுரீர் என்று ஏறும். அந்த ஊர்க் குழந்தைகள்கூடக் குடிக்கும். நீ மாதக்கணக்கில் தொடவில்லை. "புளிச்சு நுரைக்குதுல்ல, அப்பறம் இன்னா?" என்று ஒதுங்கியே இருந்தாய். வோட்காவை யாராவது நீட்டினால் கோபப்படாமல் தம்ளரைக் கவிழ்த்து வைக்கிறவன் நீ. உன் தெருவில் உன் குடும்பத்துக்கு இருந்த பெயர் அப்படி. அந்தப் பெயரை யார்டு வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாய்.

ஒருநாள் யோனாஸ் செய்வதை முதலிலிருந்து கடைசி வரை பக்கத்தில் நின்று பார்த்தாய். ஊருக்குப் போன் போட்டுப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டாய். எவ்வளவு குடித்தாலும் மயக்கம் தராத நிலையில் இருந்தால் அது பழைய சோற்று நீச்சத்தண்ணி மாதிரி, அதைத் தாண்டிவிட்டால் தொடாதே என்றாராம். அதிலிருந்து நீயே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாய். முதல் நுரை மேலே வந்து நின்றதும் எடுத்துக் குளிரவைத்துக் குடிக்க வேண்டும். நுரை அடங்கிப்போனால் அது யோனாஸுக்கு. உன் கணக்கில் அவர் நிறையவே குடித்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் அவர் நம்மைத் தன் கிராமத்து வீட்டுக்குக் கூட்டிப் போனார். அந்த ஒரு வேளை அவர்களுக்கு விரதம். பன்னிரண்டு வகை வைப்பார்கள், ஒன்றில்கூடக் கறி இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை. பெலாரஸிலும் போலந்திலும்கூட இதே வழக்கம்தான் என்றார். கசகசாவை அரைத்து எடுத்த பாலில் சின்னச் சின்ன ரொட்டித் துண்டுகளைப் போட்டுத் தந்தார்கள். நீ விரலை நீட்டவே இல்லை. எந்தத் தட்டைப் பற்றியும் கேட்காமல், ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டாய். திரும்பி வரும்போது, "இன்னிக்கு ஒருத்தனுக்கும் தொல்ல குடுக்கல" என்றாய். உன் சாப்பாடு மற்றவர்களுக்குத் தொல்லையாக இருக்கிறது என்று நீ நினைத்துக்கொண்டிருந்தது எனக்கு அதுவரை தெரியாது. எனக்கு வருத்தமாக இருந்தது.

ஒப்பந்தம் முடிந்து இருவரும் ஊர் வந்தோம். நான் மறுபடி போவதற்கு மனு போட்டேன். உனக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் அலைந்துவிட்டு வீட்டோடு வந்து படுத்தாய். நான் பார்க்க வரும்போதெல்லாம், நான் பாபி என்று கூப்பிடும் உன் மனைவி ஒரு கிண்ணத்தோடு உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கஞ்சி, இளநீர், ஆட்டுக்கால் சூப், எதுவும் தங்கவில்லை. "எது எறங்குதோ அதக் குடுங்கன்னு டாக்டரு சொல்லிட்டாரு தம்பி, எதுவும் எறங்கலியே" என்றார். நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "கிரா இருந்தா எறங்கும்டா" என்றாய். பாபிக்கு அது என்னவென்று புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நீ உன் வாழ்நாளில் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

ரைக்கு எங்கே போவது? கேழ்வரகுதான் கிட்டத்தில் வரும் என்று தோன்றியது. கடை மாவு சரிப்படாது என்று கல்வராயன் மலை ஏறி, வெள்ளிமலைப் பக்கம் தெரிந்தவர் வீட்டில் புதுக் கேழ்வரகு வாங்கி அங்கேயே அரைத்துக்கொண்டேன். வெள்ளைச் சர்க்கரை உனக்குக் குமட்டுகிறது என்று பாபி சொல்லியிருந்ததால் வெல்லமும் நிறைய வாங்கினேன். ஈஸ்ட் பாக்கெட்டும் இருந்தது. இந்த மூன்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு மலையிலிருந்து இறங்குகிறவனை எங்கள் பக்கத்தில் என்னவென்று நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அடிவாரச் செக்போஸ்டில் பையைக் கிளறிப் பார்த்த போலீஸ்காரர், "இன்னாத்துக்குய்யா இவ்ளோ வெல்லம்?" என்றார். "லிதுவேனியா கூல்டிரிங்க்ஸ் போட சார்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர் என் பெயரையும் ஊரையும் கேட்டு வைத்துக்கொண்டார்.

கேழ்வரகு அடையைத் தட்டி, கல்லில் போட்டுக் கருக்கி, ஊறவைத்து, வடித்து, வெல்லமும் ஈஸ்டும் கலந்தேன். நம் வெயிலில் சீக்கிரம் பொங்கிவிடும் என்று மண்பானையில் ஊற்றித் துணியால் வேடு கட்டி, வீட்டுக்குப் பின்னால் மணலைப் பறித்துக் கழுத்து வரை புதைத்தேன். குளிர்ச்சிக்காகச் செய்தது. சாராயம் காய்ச்சுகிறவர்கள் ஊறலை இப்படித்தான் புதைப்பார்கள் என்பது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்கு மட்டும் அன்றைக்கு யோனாஸ் வீட்டு நிலவறைதான் கண்ணுக்குத் தெரிந்தது. மறுநாள் மத்தியானம் துணியை விலக்கிப் பார்த்தேன். நுரை விளிம்பில் வட்டம் கட்ட ஆரம்பித்திருந்தது. அந்த நேரம்தான் ஜீப் வந்து நின்றது.

எஸ்.ஐ. பானைக்குப் பக்கத்தில் குந்தி முகர்ந்து பார்த்தார். "வெல்லம், ஈஸ்டு, மண்ணுக்குள்ள பானை. இதுக்குப் பேரு இன்னா?"

"கிரா சார்."

"நாங்க ஊறல்னு சொல்வோம். கொட்டுங்கய்யா."

கான்ஸ்டபிள் பானையில் கை வைத்ததும் நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். பிடிக்கக் கூடாதுதான். கேஸ் ஏறினால் நான் மறுபடி வெளிநாடு போக முடியாது. என் மனைவி வாசலில் நின்று அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அதுவும் கேட்டது. ஆனால் பானை கவிழ்ந்தால் இன்னொரு முறை போட்டு, காத்திருந்து, நுரை வர நேரம் ஆகும். அதுவரை நீ இருப்பாயா என்று எனக்குத் தெரியாது. "சார், இது கள்ளக்குறிச்சி பாய்க்கு. வயித்துல கட்டி, ஒண்ணும் எறங்கல. அவுரு கேட்டாரு" என்று உன் தெருவைச் சொன்னேன்.

எஸ்.ஐ. சிரித்தார். "பாய்க்கு ஊறலா? கத நல்லாத்தான் இருக்கு. சரி, அவுரே வந்து சொல்லட்டும். பானையத் தூக்கிக்கினு வண்டில ஏறு."

வடக்கனந்தலிலிருந்து உன் தெரு வரை மடியில் பானையை வைத்துக்கொண்டு வந்தேன். ஜீப் குலுங்கக் குலுங்க நுரை ஏறிக்கொண்டே வந்தது. உன் சட்டப்படி அது நின்று அடங்குவதற்குள் உன்னிடம் சேர வேண்டும். ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வரலாம் என்று அவர் வண்டியைத் திருப்பியிருந்தால் எல்லாம் முடிந்தது.

நாங்கள் வந்து இறங்கியபோது மாலை அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளிவாசலை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். போலீஸ் ஜீப்பிலிருந்து பானையோடு ஒருவன் இறங்கி உன் வாசலில் நிற்கிறான். வாசனை வேறு. தெருவே நின்று பார்த்தது. உன் பெரியண்ணன் முன்னால் வந்தார். பள்ளிவாசல் கமிட்டியில் இருப்பவர். என்னை எத்தனையோ முறை உன் பக்கத்தில் பார்த்தவர். எஸ்.ஐ. கேட்டதும் பானையைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். "இந்த ஆள எனக்குத் தெரியாதுங்க. எங்க வூட்ல எவனும் இதத் தொடமாட்டான். கூட்டிக்கினு போங்க" என்றார்.

அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. அவருக்கு அந்தத் தெருவில்தான் கடை, அந்தத் தெருவில்தான் பெண் கொடுத்து எடுக்க வேண்டும். ஆனால் அந்த நிமிஷம் பானையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. நீ எழுந்து வருகிறாய் என்று பாபி பதறினார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் லுங்கியைப் பிடித்துக்கொண்டு வாசல்படிக்கு வந்தாய். உன் கழுத்து எலும்பைப் பார்த்துவிட்டு எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றினார்.

"நான்தான் சார் கேட்டேன். நான்தான் செய்யச் சொன்னேன். கேஸு எழுதறதா இருந்தா என் பேருல எழுதிக்குங்க. இவன் என் தம்பி."

தெருவுக்கே கேட்கும்படி சொன்னாய். அவ்வளவு குரல் உன்னிடம் எங்கே மிச்சம் இருந்தது என்று தெரியவில்லை. அண்ணன் உன் தோளைத் தொட்டு உருதுவில் ஏதோ சொன்னார். நீ கேட்கவில்லை. தம்ளர் கொண்டுவரச் சொன்னாய். குனிந்து நுரையைப் பார்த்தாய், முகர்ந்தாய். "கரெக்டா கொண்டாந்துட்டடா" என்றாய். பிஸ்மி சொல்லிவிட்டு, படியில் உட்கார்ந்து, பள்ளிவாசலிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் பார்க்க, ஒவ்வொரு மிடறாகத் தம்ளரைக் காலி செய்தாய். நாங்கள் எல்லாரும் உன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது இறங்கியது. வாந்தி வந்தால் பிடிக்க என்று பாபி நீட்டியிருந்த கிண்ணம் வெறுமனே இருந்தது.

எஸ்.ஐ.க்கும் ஒரு தம்ளர் ஊற்றச் சொன்னாய். அவர் தயங்கி வாயில் வைத்துவிட்டு, "கேவுரு கூழுத் தண்ணில வெல்லத்தப் போட்டாப்ல இருக்கு" என்றார். கான்ஸ்டபிள் இரண்டாவது தம்ளரும் வாங்கினார். "இனிமே மண்ணுல பொதைக்காத, ஃபிரிட்ஜுல வையி" என்று எஸ்.ஐ. என்னிடம் சொல்லிவிட்டு ஏற, ஜீப் போனது.

உள்ளே வந்து படுத்ததும், "அடைய இன்னும் கொஞ்சம் கருக்கி இருக்கணும். யோனாஸ் பாத்தா திட்டுவான்" என்றாய். அன்று இரவு நீ தூங்கியதாகப் பாபி சொன்னார். அந்தப் பானை தீரும் வரை, குளிரவைத்துக் குளிரவைத்து உனக்குக் கொடுத்திருக்கிறார். வேறெதுவும் கடைசி வரை இறங்கவில்லை.

நீ போன அன்று நான் உன் தெருமுனையிலேயே நின்றுகொண்டேன். உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியவில்லை. குளிப்பாட்டி, தொழுகை முடித்து, உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முன்பக்கக் கட்டையை உன் பெரியண்ணன் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். அவர் நின்றதால் எல்லாரும் நின்றார்கள். பக்கத்தில் இருந்த யாரோ மெதுவாக, "இவுரு யாரு?" என்று கேட்டார்.

"எங்க தம்பி" என்றார் அவர். தன் தோளை விலக்கிக்கொண்டு எனக்கு இடம் கொடுத்தார்.

பாய், ஒரே வண்டியில் எத்தனையோ நாடு ஓட்டியிருக்கிறோம். உன்னைத் தூக்கிக்கொண்டு நடந்தது அந்தத் தெருவில்தான். நீ ஒன்றும் கனமாக இல்லை. எனக்கு இன்னும் தோள் வலிக்கிறது.